மேலே யாரும் இல்லாத பெட்டி

1

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் அலுவலக நேரத்தில், அலுவலகக் கணினியில், ஏதோ பெரிய வேலை செய்கிறவள்போல முகத்தை வைத்துக்கொண்டுதான் எழுதினேன். நிறுவனக் கட்டமைப்பு வரைபடம் வரைவதற்கு நல்ல மென்பொருள் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்லி எனக்குப் பத்து நாள் தந்திருந்தார்கள். யார் யாருக்கு மேலே, யார் யாருக்குக் கீழே என்று பெட்டி பெட்டியாகக் காட்டுகிற படம். நான் இறக்கிப் பார்த்த மென்பொருளில் ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் ‘குறிப்பு’ என்று ஒரு சின்ன இடம் இருந்தது. பதவியும் கடமையும் எழுத வேண்டிய இடம். எழுதத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. குல்சும் ராத்தாவின் பெட்டிக்கு அடியில் மட்டும் மூன்று பக்கம் போய்விட்டது. (ராத்தா என்றால் அக்கா.)

அந்த மூன்று பக்கமும்தான் இது. என் பெயர் பிரசாந்தினி. பாலையூற்றிலிருந்து துறைமுகத்துக்கு ஸ்கூட்டியில் வந்துபோகிற நிர்வாக உதவியாளர். கதை எழுதுவேன் என்று யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் “எங்களையும் போடுங்க மிஸ்” என்று நிற்பார்கள்.

எப்படித் தொடங்குவது என்று பார்த்தேன்.

கொட்டியாரக்குடாவின் நீலம் அன்று காலை வழக்கத்தைவிட —

(வேண்டாம். இந்த ஊரில் கடலைப் பார்த்துக் கதை தொடங்காத ஆள் யார்? எனக்குக் கடல் என்றால் வந்த படகு, வராத படகு. அவ்வளவுதான்.)

மனிதனைப் பெட்டிக்குள் அடைக்கும் நவீன நிர்வாகமானது —

(ஐயோ, கட்டுரை. ஓடுங்கள்.)

குல்சும் ராத்தாவின் வேலை போகப்போகிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியாது.

(வாக்கியம் நன்றாயிருக்கிறது. ஆனால் பச்சைப் பொய். திருத்துகிறேன்.)

குல்சும் ராத்தாவின் வேலை போகப்போகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் முதல் அவருக்குத்தான் தெரியும்.

2

எங்களுடையது படகுச் சேவை. வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி இறக்குவோம். ஐந்து படகு, இருபத்தாறு பேர். தலைமை அலுவலகம் கொழும்பில். அங்கிருந்து வந்த கடிதத்தில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, எல்லாக் கிளைகளும் வரைபடம் அனுப்ப வேண்டும். இரண்டு, வரைபடத்தில் ‘தேவையற்ற பதவி’ என்று தெரிவதை மாத முடிவில் மூடிவிட வேண்டும். கடிதத்தோடு தேநீர் போடுகிற இயந்திரமும் ஒன்று வந்து இறங்கியது.

உம்மு குல்சும் ராத்தாவின் நியமனக் கடிதத்தில் உள்ள பதவி: தேநீர் உதவியாளர்.

இனி அவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். பத்தொன்பது வருடத்துக்கு முன் அவர் தேநீர் போடத்தான் வந்தார். அது போர் நடந்த பாஸ் காலம், அனுமதிச் சீட்டு இல்லாமல் கடலில் இறங்க முடியாது. படகு போகும்போது கடற்படைக் காவலரணில் சிங்களத்தில் பெயர் கொடுக்க வேண்டும், வந்ததும் திரும்பவும் கொடுக்க வேண்டும். அந்த வேலையைப் பார்த்தவர் ஒருநாள் வெளிநாடு போய்விட்டார். ராத்தா சீனன்குடாப் பக்கம் வளர்ந்தவர், சிங்களம் தண்ணீராய் வரும். “ரெண்டு நாளைக்குப் பாருங்கோ” என்று ரேடியோ செற்றை அவர் கையில் கொடுத்தார்கள். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

பாஸ் போய்விட்டது. பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் எங்கள் ஜெட்டியில் ஒருவரும் ராத்தாவிடம் சொல்லாமல் படகில் கால் வைப்பதில்லை. “ராத்தா, போயிட்டு வாறன்” என்றால் வெள்ளைப் பலகையில் பெயரை எழுதுவார். “ராத்தா, வந்திட்டன்” என்றால் விரலாலேயே அழிப்பார். எந்தப் படகு எந்தக் கப்பலுக்கு, எப்போது காற்று மாறும், யாரைத் திருப்பிக் கூப்பிட வேண்டும், எல்லாம் அவர்தான். மாலையில் பலகை வெறுமையான பிறகுதான் தன் கைப்பையை எடுப்பார். கரையில் இருக்கிற நாங்களும் அப்படித்தான். வங்கிக்குப் போனாலும் அவரிடம் ஒரு சொல்.

(வாசகரே, இந்தக் கதை எங்கே போகிறது என்று நீங்கள் இப்போதே கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு அப்போது தெரியவில்லை. சத்தியமாக.)

3

மென்பொருட்கள். மூன்று பார்த்தேன். உண்மைப் பெயர் சொன்னால் விளம்பரமாகிவிடும், நானே பெயர் வைத்திருக்கிறேன்.

மினுக்கி: பெட்டிக்கு நிழல், மூலைக்கு வளைவு, முகத்துக்கு வட்டம். பார்க்கக் கலியாண அல்பம் மாதிரி. ஆனால் அச்செடுத்தால் தமிழ் உடைந்துவிடும். புள்ளிகள் ஒருபக்கம், கால்களும் கொம்புகளும் ஒருபக்கம். எங்கள் மனேஜர் தம்பிராசா தன் பெயரை உற்றுப் பார்த்துவிட்டு “இது ஆர் பிள்ளை?” என்று கேட்டார்.

கஞ்சன்: தமிழ் சுத்தம். இலவசம். ஆனால் இருபத்தைந்து பெட்டிக்கு மேல் விடமாட்டான்.

கெட்டிக்காரன்: நாம் வரையவே தேவையில்லை. எல்லோருடைய தொலைபேசிக்கும் ஒரு படிவம் அனுப்புவான். அவர்கள் தங்களுக்கு மேலே யார் என்று பெயர்ப் பட்டியலில் தொட்டால் போதும், தானே வரைந்துவிடுவான். பதினான்கு நாள் பரிசோதனைக் காலம். ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தான்: யாருக்கு மேலே யாரும் இல்லையோ, அவர்தான் தலைவர்.

கஞ்சனைப் பற்றி மனேஜரிடம் சொன்னேன். ராத்தா கொடுத்த தேநீர் அவர் கையில் இருந்தது.

“ஒராளைக் குறைச்சா இருபத்தஞ்சு சரியா வருந்தானே பிள்ளை.”

“ஆரைக் குறைக்கிறது சேர்?”

அவர் கையிலிருந்த தேநீரைப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு, கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

4

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

முதல் வரைவில் தம்பிராசா சேரை நான் நல்ல கெட்டவனாக்கியிருந்தேன். தங்க மணிக்கூடு கட்டிவிட்டேன். ஏப்பம் விட வைத்தேன். “தேத்தண்ணிக்காரிக்கு ஏன் பெட்டி” என்று ஒரு வசனம்கூட —

(அழித்துவிட்டேன். அவர் அப்படிச் சொல்லவேயில்லை. மணிக்கூடும் கிடையாது, நேரத்தை ராத்தாவிடம்தான் கேட்பார்.)

நடந்தது இதுதான். மறுநாள் அவரே என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். கையில் தினசரிப் படகுத் தாள் ஒன்று. அடியில் அச்சடித்திருந்தது: ‘படகுகளை நெறிப்படுத்தியவர்: தம்பிராசா, முகாமையாளர்’. பத்தொன்பது வருடத் தாள்களிலும் அப்படித்தான். முந்தைய மனேஜர் காலத்தில் அவர் பெயர், பிறகு இவர் பெயர்.

“உண்மையச் சொன்னா என்ன கேப்பாங்கள் எண்டு யோசி. ரேடியோச் சான்றிதழ் இல்லாத தேநீர் உதவியாளர் எப்பிடிப் படகு விட்டவ? நீ ஏன் கையெழுத்து வைச்சனி? எனக்கு ஓய்வுக்கு இன்னும் ரெண்டு வருசந்தான் கிடக்கு. எனக்குப் பயமாக் கிடக்கு பிள்ளை.”

ஒரு மனேஜர் இப்படி வாய்விட்டுச் சொன்னால் அவரை எப்படிக் கெட்டவனாக்குவது? என் கதையின் பாதி அங்கேயே கொட்டுண்டு போனது.

ராத்தாவிடம் போனேன். உண்மையை எழுதி நானே கொழும்புக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம் புள்ள,” என்றார், ரேடியோவில் காதை வைத்தபடியே. “அந்த மனுசன மாட்டி வுடாத. எனக்குக் கப்பல்துறை ஊருல வீடு இரிக்கு. தையல் மெசின் இரிக்கு.”

“அப்ப படகுகள்?”

அவர் பலகையைப் பார்த்தார். அதில் அப்போது ஒன்பது பெயர் இருந்தது.

ஆக, நான் அடைபட்ட பெட்டி இதுதான்: சொன்னால் மனேஜர் மாட்டுவார், சொல்லாவிட்டால் ராத்தா போவார். எழுதுகிறவளுக்கு இப்படிச் சிக்கல் கிடைத்தால் கொண்டாட்டமாக இருக்க வேண்டும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

5

வேறு வழி தெரியாமல் வேலையைச் செய்தேன். முதலில் காகிதத்தில் ஒரு படிவம் கொடுத்துப் பார்த்தேன். கேள்வி: ‘உங்கள் மேலதிகாரி யார்?’

ஆறு பேர் மூன்று வருடத்துக்கு முன் மாற்றலாகிப் போன மனேஜரின் பெயரை எழுதியிருந்தார்கள். நாலு பேர் தங்கள் பெயரையே எழுதியிருந்தார்கள். கிண்ணியாவிலிருந்து வருகிற சரீப் நானா (நானா என்றால் அண்ணன்), மூன்றாம் படகை ஓட்டுகிறவர், இப்படி எழுதியிருந்தார்: ‘அல்லாஹ். அவனுக்குப் பிறகு மனேஜர்.’

“சரீப் நானா, இத எப்பிடி நான் சிஸ்டத்தில போடுறது?”

“பொய்யா எழுதச் சொல்றீங்களா மிஸ்?”

“இல்ல, இஞ்ச ஒபிசுக்குள்ள ஆர் எண்டுதான் கேட்டனான்.”

“அப்பக் கேள்விய ஒழுங்காக் கேளுங்க. எங்களுக்கு விளங்குற மாதிரி.”

விளங்குகிற மாதிரித்தானே? சரி. கெட்டிக்காரனில் புதுப் படிவம் திறந்து, கேள்வியை மாற்றினேன்: ‘வேலைக்குப் புறப்படும்போது யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறீர்கள்?’ படகோட்டிகளின் பெயர்கள் வரும், அவர்களுக்குக் கீழே ஆட்கள் வருவார்கள், அவர்களுக்கு மேலே மனேஜர் வருவார் என்று நினைத்தேன். எல்லோருடைய தொலைபேசிக்கும் அனுப்பினேன். என்னுடையதற்கும் வந்தது. படகுத் தாளொன்றை நிரப்பிக்கொண்டே, யோசிக்காமல் ஒரு பெயரைத் தொட்டு அனுப்பிவிட்டேன்.

(இந்த ஊரில் பிறந்து, இந்த ஜெட்டியில் எட்டு வருடம் வேலை செய்தவள் செய்யக்கூடிய பிழை இது. வெளியூர்க்காரி ஒருத்தி என்றால் கேள்வியை அனுப்ப முதலே விசாரித்திருப்பாள். நான் அந்தப் பழக்கத்துக்குள்ளேயே இருந்ததால் அது எனக்குத் தெரியவில்லை.)

எல்லோருடைய பதிலும் வந்து சேர்ந்ததும் கெட்டிக்காரன் இரண்டு நிமிடம் சுழன்றான். பிறகு படத்தைத் தந்தான்.

மேலே ஒரு பெட்டி. உம்மு குல்சும், தேநீர் உதவியாளர். அதற்குக் கீழே ஒரே வரிசை, இருபத்தைந்து பெட்டி, திரைக்குள் அடங்காமல் வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. படகோட்டிகள், கயிறு பிடிக்கிறவர்கள், களஞ்சியக்காரர், நான். உருட்டிக்கொண்டே போனேன். இருபத்தைந்தாவது பெட்டி: தம்பிராசா, முகாமையாளர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், இருமலாக வெளியே வந்தது.

6

கணினியைத் திருப்பி மனேஜருக்குக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

“நானுமா இதை அமத்தினனான்?”

“ஓம் சேர். திங்கட்கிழமை காலமை எட்டு அஞ்சுக்கு.”

“அரசாங்கக் கச்சேரி ஒபிசுக்குப் போகேக்கை,” என்றார். “அவவிட்டச் சொல்லிப்போட்டுத்தான் போனனான்.”

அந்த வரிசையை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இருபத்தைந்து பேரும் ஒருவரையொருவர் கேட்காமல் ஒரே ஆளைச் சொல்லியிருக்கிறார்கள். நான் எதிர்பார்த்தது திட்டு. அழித்துவிட்டு மறுபடி போடு என்பார் என்று கையை விசையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“இதில பொய் எண்டு ஒண்டும் இல்லையே பிள்ளை.”

“இல்ல சேர்.”

“அப்ப இப்பிடியே அனுப்பு. வாறதை நான் பாக்கிறன்.”

அனுப்பினேன். (இந்த இடத்தில் மழை வைக்கலாமா என்று யோசித்தேன். அன்று நல்ல வெயில். விட்டுவிட்டேன்.)

அடுத்த நாள் மத்தியானம் கொழும்பிலிருந்து முனீப் தொலைபேசியில் அழைத்தார். கிளைகளைப் பார்க்கிறவர். பதவிகளை மூடச் சொன்ன கடிதத்தில் இருந்ததும் அவருடைய கையெழுத்துத்தான். மனேஜர் ஒலிபெருக்கியைப் போடச் சொன்னார்.

“மிஸ், சார்ட் பிழையா வந்திரிக்கா? தேத்தண்ணி போடுறவங்க எல்லாருக்கும் மேல நிக்கிறாங்களே?”

நான் வாய் திறக்க முதல் தம்பிராசா சேர் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.

“பிழை இல்லைத் தம்பி. படகை அனுப்புறதும் எடுக்கிறதும் அவதான். பத்தொன்பது வருசமா. தாளில என்ர பேர் கிடக்கு. அது என்ர பிழை. அவவின்ர இல்லை.”

சேரின் விரல் மேசையில் தட்டிக்கொண்டிருந்தது.

“அப்ப,” என்றார் முனீப் கடைசியாக, “ஒவ்வொரு நாளும் நாலரைக்கு எனக்கு ஒரு மெசேஜ் வாற. ‘எல்லாரும் வந்தாச்சு’ எண்டு. அது ஆரு அனுப்புற?”

“அவதான்.”

“அல்லாஹ்வே.” ஒரு கதிரை கிறீச்சிட்டது. “அஞ்சு வருசமா நான் அதப் பாத்திட்டுத்தான் கதிரைய வுட்டு எழும்புற. வராட்டி எழும்ப மாட்டன். அதால வீட்டில எவ்வளவு ஏச்சு வாங்கியிரிக்கன் தெரியுமா?” பிறகு சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப நானும் அந்த வரிசைதானே. எனக்கும் ஒரு பெட்டி போடுங்க மிஸ்.”

தம்பிராசா சேர் முகத்தைக் கைலேஞ்சியால் துடைத்தார். வியர்வை என்றார். நானும் என்னுடையதை வியர்வை என்றேன். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன் பாருங்கள், பத்து நாளாக நெஞ்சுக்குள் கிடந்தது அது.

சும்மா முடியவில்லை. சேர் விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதற்கு ஒரு எச்சரிக்கை வந்தது, அதோடு விட்டுவிட்டார்கள். ராத்தா ஒரு வாரம் ரேடியோப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் எடுக்க வேண்டியிருந்தது. “எனக்குப் படிப்பிச்ச பொடியனுக்கு நான்தான் ரெண்டு இடத்தில திருத்தினன்” என்று சொல்லிக்கொண்டு வந்தார். புதிய பதவி: படகு நடமாட்டப் பொறுப்பாளர். கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

“அப்ப இனித் தேத்தண்ணி ஆரு போடுற?”

“மெசின் ராத்தா.”

“அந்த மெசின்ட தேத்தண்ணியக் குடிச்சிப் போட்டு இவனுகள் படகு ஓட்டுவானுகளா?” என்று எழும்பிக் குசினிக்குப் போனார். பதவி உயர்ந்த முதல் நாளும் எங்களுக்கு அவர் போட்ட தேநீர்தான்.

7

இங்கே நிறுத்தியிருக்கலாம். முடிவுகள் சிலதை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: வரைபடத்தைப் பார்த்த கொழும்பு ராத்தாவையே மனேஜராக்கிவிடுகிறது. எல்லோரும் கை தட்டுகிறார்கள். (கேட்டுப் பார்த்தேன். “கூட்டத்துக்கெல்லாம் போக ஏலா, போடி” என்றார்.)

முடிவு ஆ: மென்பொருளே எல்லாம் தெரிந்து ராத்தாவைக் காப்பாற்றியது. (அது ஒன்றும் செய்யவில்லை. வெறுமையாக இருந்த ஒரு இடத்தைப் பார்த்து, இவர் தலைவர் என்று நினைத்துக்கொண்டது. அவ்வளவுதான்.)

அந்த வெறுமையான இடம்தான் என்னை விடவில்லை. படிவத்தில் இருபத்தைந்து பேர் ஒரு பெயரைத் தொட்டோம். ராத்தா மட்டும் எதையும் தொடாமல் திருப்பி அனுப்பியிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

“எனக்கு ஆரு புள்ள?” என்றார் சாதாரணமாக. “எல்லாரும் வந்து முடிஞ்சிதானே நான் போற. மறுகா ஆரிட்டச் சொல்லுற?”

அவருடைய மகள் கத்தாரில். கணவர் இல்லை. பத்தொன்பது வருடமாக நாங்கள் ஒவ்வொருவரும் கரைக்கு வந்ததை அவர் பலகையில் பார்த்திருக்கிறார். அவர் கண்டி வீதி பஸ்ஸில் ஏறிக் கப்பல்துறையில் இறங்கி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று எங்களில் ஒருவரும் ஒருநாளும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவும் சொன்னேன்.

“போடி விசரி,” என்றார்.

ஆனால் அடுத்த நாள் மாலை, பலகை வெறுமையான பிறகு, கைப்பையோடு என் மேசைக்கு வந்து நின்றார். எங்கேயோ பார்த்துக்கொண்டு, ஏதோ கடன் கேட்கிறவர்போல.

“புள்ள, நான் போயிட்டு வாறன்.”

நான் எழும்பிப் போய்ப் பலகையில் எழுதினேன். உம்மு குல்சும். அந்தப் பெயர் அதில் ஏறியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் கெட்டிக்காரனைத் திறந்து அவருடைய வெற்றிடத்தில் என் பெயரைப் போட்டேன். சிவப்பில் ஒரு செய்தி வந்தது: இவர் அவருக்குக் கீழ், அவர் இவருக்குக் கீழ், இப்படி வரைய முடியாது. கஞ்சனும் மாட்டேன் என்றான். மினுக்கியும் மாட்டேன் என்றாள். ஆகவே என் தெரிவு அறிக்கை இதுதான்: கொழும்புக்குக் கெட்டிக்காரன். எங்களுக்கு அச்செடுத்த தாள் ஒன்று, பலகைக்குப் பக்கத்தில். அதில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே திரும்பி வருகிற கோட்டை நான் பேனையால் போட்டிருக்கிறேன். கொஞ்சம் கோணல்.

8

இதை எழுதும்போது நேரம் ஐந்து நாற்பத்தைந்து. ராத்தா ஐந்து மணி பஸ்ஸுக்குப் போனார். வீடு சேர்ந்ததும் அவர் அனுப்புகிற செய்தி வழக்கமாக ஐந்தரைக்கு வந்துவிடும்.

ஒரு நல்ல கதையில், இப்போது தொலைபேசி —

(வேண்டாம். அந்த விளையாட்டை அவரோடு நான் விளையாடமாட்டேன். இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்பேன், பிறகு நானே அவரை அழைப்பேன்.)

வந்துவிட்டது. ‘வந்திட்டன். பஸ் டயர் போன. நீ இன்னும் ஒபிசிலயா, போ.’

எழும்பிப் போய் அவர் பெயரை விரலாலேயே அழித்தேன். விரல் கறுத்துவிட்டது. பலகையில் ஒருவரும் இல்லை.

முடிவு ஒன்றும் நான் எழுதப்போவதில்லை, அதை உங்களிடம் விடுகிறேன். முனீப்பின் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி உங்களுக்காக வெறுமையாகக் கிடக்கிறது. நீங்கள் யாரிடம் சொல்லிவிட்டு வீட்டிலிருந்து புறப்படுகிறீர்கள், போய்ச் சேர்ந்ததும் யாரிடம் சொல்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது. அதனால் கோடு போடாமல் வைத்திருக்கிறேன். கதையை மூடிவிட்டுப் போகும்போது மட்டும் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள். நானும் ஸ்கூட்டியை எடுக்க வேண்டும், ராத்தா என்னுடைய செய்திக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்.